கறுப்பு விழுங்கிய மூலை

பதினோராவது நிமிடத்திலும் தாள் வெள்ளையாகவே கிடந்தது.

இருதயநாதன் தட்டின் ஒரு விளிம்பைத் தூக்கி இறக்கினார். மருந்து அந்தப் பக்கம் ஓடி இந்தப் பக்கம் திரும்பியது. தாளில் ஒன்றும் எழவில்லை. சிவப்பு விளக்கின் கீழ் உதவியாள் அப்பாஸின் பற்கள் மட்டும் தெரிந்தன.

“சிரிக்காத.”

“சிரிக்கலண்ணே. வாயால மூச்சு விடுறேன். இந்த நாத்தத்துல மூக்குக்கு லீவு குடுத்துட்டேன்.”

அறை அப்பாஸின் அக்கா ஜெய்தூன் பீவியுடையது. பேகம்பூரில் சன்னல் இல்லாத அறை அவர்களுக்கு அது ஒன்றுதான் கிடைத்தது. அரிசி மூட்டைகளை வெளியே தள்ளிவிட்டுக் கதவிடுக்கில் கோணி திணித்திருந்தார்கள். டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டிய காலத்தில் அப்பாஸ் கைமறதியாக எடுத்து வந்த லென்ஸ், பிஸ்கட் தகரம் ஒன்றில் உட்கார்ந்து, படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் ஆகியிருந்தது.

பத்தொன்பது வருடம் ரயில்வே போலீசில் இருந்துவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்தவர் இருதயநாதன். டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். இரண்டு நாளாக ஒரு வெள்ளைத் தாள் அவரை முட்டாளாக்கிக்கொண்டிருந்தது.

எல்லாம் சுவரில் தொங்கிய புகைப்படத்தால் வந்த வினை. அதில் ஒரு கிணறு. கிணற்று மேட்டில் குடையோடு ஒரு பெரியவர். கிணற்றுக்கு வடக்கே ஓர் எல்லைக் கல். வெளிச்சம் பட்ட இடமெல்லாம் ரோஜாவும் காபியும் கலந்த நிறம். நிழல் விழுந்த இடமெல்லாம் அடுப்புக்கரி. வலது மூலை முழுக்கவே கரி.

புதன்கிழமை வழக்கோடு வந்த ஒச்சம்மாளுக்குச் செம்பட்டிச் சாலையோரம் ஒன்றரை ஏக்கர். கத்தரியும் மல்லிகையும். கல்லுக்கு வடக்கே அவள் நிலம், தெற்கே தங்கமுத்து நிலம். கிணறு கல்லுக்கு வடக்கே இருந்தது. போன தை மாதம் ஒரு காலையில் போய்ப் பார்த்தால் கல் கிணற்றைத் தாண்டி நின்றது. அதனால் கிணறு தெற்கே போய்விட்டது. கல்லை யாரோ பெயர்த்து நட்டார்கள் என்றாள் ஒச்சம்மாள். எப்போதும் அங்கேதான் இருந்தது என்றார் தங்கமுத்து. சாட்சிக்கு இந்தப் படத்தைக் கோர்ட்டில் கொடுத்தார். ஒச்சம்மாளின் வக்கீல் மனுப் போட்டு அதைப் பார்வைக்கு வாங்கித் தந்திருந்தார். குடையோடு நிற்பவர் அவருடைய அப்பா. படத்தின் முதுகில் ஜோதி ஸ்டுடியோ முத்திரை, 1957. அப்பா இறந்தது ஐம்பத்தெட்டில். இறந்தவர் எழுந்து வந்து படத்துக்கு நிற்க முடியாது. ஆகவே கல் அப்போதே அங்கே நின்றது.

கிணறு போனால் ஒன்றரை ஏக்கரும் பொட்டல். விசாரணை திங்கட்கிழமை. இன்று சனி.

“அண்ணே, வருது!”

பதினான்காவது நிமிடம். தாளில் புகை போல ஏதோ படர்ந்தது. அதற்குள் ஒரு கறுப்புப் புள்ளி. அது பக்கத்துப் புள்ளியை எழுப்பியது. அது அதன் பக்கத்தை. இருதயநாதன் இடுக்கியைத் தேடினார். இடுக்கி அப்பாஸின் சட்டைப் பையில் இருந்தது. அவன் எடுத்துக் கொடுப்பதற்குள் தாள் முழுவதும் கறுப்பு.

“இடுக்கி எதுக்குடா உன் பையில?”

“பத்திரமா வச்சிருந்தேன்.”

இது ஒன்பதாவது தாள். அச்சடிக்க எடுத்துக்கொண்ட நெகட்டிவ் அப்பாஸின் பழைய படம். டாக்கீஸ் கூடாரத்து வாசலில் இடுப்பில் கை வைத்து நிற்கிறான். ஒன்பது தாளில் ஒன்பது விதமாகக் கெட்டிருந்தான். ஒன்றில் மிளகு தூவியது போல முகமெல்லாம் புள்ளி. ஒன்றில் ஆளே இல்லை.

“எங்கம்மா இதைப் பாத்தா மவுத் ஆனவன் படம்னு நெனச்சு அழுதுரும்” என்றான் அப்பாஸ்.

மதுரையில் அச்சகங்களுக்குப் பிளாக் செய்கிறவர் ஒருவர் கோர்ட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொல்லியிருந்தார். இது லித் மருந்து. அச்சகத்துக்குப் பிளாக் எடுக்கிற பிலிமைக் கழுவும் மருந்து. அதில் சாதாரணத் தாளைக் கழுவினால் இப்படிக் கரியும் காபியுமாக வரும். திண்டுக்கல்லில் அந்த மருந்தைத் தொட்ட கை ஒன்றே ஒன்றுதான். சிலுவைமுத்து. மெட்ராஸில் பிளாக் தொழில் பழகி வந்து இங்கே ஸ்டுடியோ வைத்தவர். மூடிப்போன ஜோதி ஸ்டுடியோவின் சாமான்களை மொத்தமாக எடுத்தவரும் அவரே. முத்திரை உட்பட.

வியாழக்கிழமை அவரைப் போய்ப் பார்த்தார்கள். சிலுவைமுத்து படத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“லித்துல இந்த நெறம் வராது சார். இது வேற சரக்கு. ஜோதிக்காரரு ஏதோ சாயம் ஏத்திருக்காரு. நம்பலேன்னா மருந்து தாரேன், நீங்களே போட்டுப் பாருங்க. இந்த நெறம் வந்துச்சுன்னா நானே சாட்சிக் கூண்டுல ஏறுறேன்.”

மருந்துப் பொட்டலம் மூன்று ஜோடியும் ஒரு கட்டுத் தாளும் கொடுத்தார். வழியும் சொன்னார். விளக்கு வெளிச்சத்தை வழக்கத்தைவிட மூன்று மடங்கு காட்ட வேண்டும். மருந்தை நீர்க்கக் கலக்க வேண்டும். கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். கறுப்பு எழும்பும்போது கண்ணெடுக்காமல் பார்த்திருந்து, சரியான நொடியில் உருவி ஹைப்போவில் போட்டுப் படத்தை நிலைநிறுத்த வேண்டும். ஒரு மூச்சு முந்தினால் சாம்பல், பிந்தினால் கரி.

அவர் சொன்ன வழியில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் இருதயநாதனுக்கு எரிச்சல்.

பத்தாவது தாளுக்கு இடுக்கியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பதின்மூன்றாவது நிமிடத்தில் முதல் புள்ளி எழும்பியதுமே உருவினார். ஹைப்போவில் போட்டு, அலசி, வெளியே வெயிலுக்குக் கொண்டு வந்தார்கள்.

சாம்பல். உப்பில்லாத கஞ்சி போல ஒரு படம். கறுப்பே இல்லை.

“முந்திட்டீங்க” என்றான் அப்பாஸ். பிறகு தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். “அண்ணே, இங்க பாருங்க. கூடாரத்துக்குள்ள.”

மற்ற தாள்களில் கூடாரத்து உட்புறம் கன்னங்கரேலென்று கிடந்தது. இதில் உள்ளே ஒரு முக்காலி தெரிந்தது. முக்காலியில் ஒருவன்.

“நம்ம கேட்டுக்காரன்! டிக்கெட்டுக் கிழிக்க வேண்டிய நேரத்துல வாழப்பழம் உரிச்சிட்டிருக்கான். இத்தனை வருசமா இந்தப் படத்தை வச்சிருக்கேன், இவன் இருக்கான்னே தெரியாது.”

“வாழப்பழத்தைக் கோர்ட்டுல காட்ட முடியாது. நிறம் வரணும்.”

நிறம் வரவில்லை. பத்துத் தாளிலும் எலி முதுகு நிறம். சுவரில் தொங்கிய படத்தின் ரோஜா ஒன்றிலும் இல்லை. நேற்று முதல் ஜோடி. இன்று காலை இரண்டாவது. அதுவும் ஓய்ந்துவிட்டது. ஓய்ந்த மருந்து டீத்தண்ணீர் போலப் பழுப்பாகி வாளியில் கிடந்தது. மிச்சம் இருந்தது கடைசி ஜோடி.

“அக்காகிட்ட ஆறு செம்பு தண்ணி வாங்கிட்டு வா.”

“நீங்க கேளுங்கண்ணே. நான் கேட்டா செம்பு மட்டும் வரும். வேகமா வரும்.”

கேட்க வேண்டியிருக்கவில்லை. ஜெய்தூன் பீவி கதவருகிலேயே நின்றிருந்தாள்.

“தண்ணியா? தெருக் குழாய்ல சொட்டு விழுந்து மூணு நாளாச்சு. வீட்டுல ரெண்டு குடம் கெடக்கு. ஒண்ணு குடிக்க, ஒண்ணு தொழுகைக்கு ஒளு எடுக்க. உங்க காகிதத்தைக் குளிப்பாட்ட எங்கிட்ட தண்ணி இல்ல, தம்பி.”

“கடைசித் தடவைக்கா” என்றார் இருதயநாதன்.

“நேத்தும் கடைசித் தடவைதான் சொன்னீக.” அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. “ஏலே அப்பாசு. அது என்னாது?”

“எதுக்கா?”

“அந்தத் தட்டு. அது என் சகன் இல்ல? கல்யாணத்துக்கு ஆறு பேரு சுத்தி உக்காந்து சோறு தின்ன சகன்லயாடா இந்த எழவை ஊத்தி வச்சிருக்க?”

“அது அளவு சரியா இருந்துச்சுக்கா.”

“உன்னை அளக்குறேன் இரு.”

அவள் கோபம் அடங்கும்வரை இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஒரு செம்பு தண்ணீர் கிடைத்தது. ஒன்றே ஒன்று.

“இதை வச்சு என்னக்கா பண்றது?” என்றார் இருதயநாதன்.

“ஏன், அந்த வாளித் தண்ணிக்கு என்ன கேடு? அதுலயே கலக்குங்க. ஒரு தட்டுக் கழுவுன தண்ணில இன்னொரு தட்டுக் கழுவுறதில்லையா? இந்த ஊருல பொறந்துட்டுத் தண்ணிய மோந்து மோந்து ஊத்துற ஆளுகள இப்பத்தான் பாக்குறேன்.”

அவருக்கு வெறுத்துப் போயிருந்தது. ஓய்ந்த மருந்தில் புது மருந்தைக் கலக்கும்படி சிலுவைமுத்து சொல்லவில்லை. கலந்தால் புதுசும் கெடும். கெட்டால் கெடட்டும். ஊசிப்போன நாளுக்கு ஊசிப்போன மருந்து. பொட்டலங்களைப் பிரித்து வாளியில் கொட்டி, ஒரு செம்பு தண்ணீரையும் ஊற்றிக் கரண்டிக் காம்பால் கலக்கினார். அது பார்ப்பதற்கே கேவலமாக இருந்தது.

பதினோராவது தாள். அப்பாஸ் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். பத்து நிமிடம், பதினைந்து, பதினெட்டு. இருதயநாதன் தட்டை ஆட்டுவதைக்கூட ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார். பத்தொன்பதில் புகை படர்ந்தது. இருபத்தொன்றில் புள்ளி எழும்பியது. இந்தத் தடவை கறுப்பு அவசரப்படவில்லை. இடம் பார்த்து உட்கார்ந்தது. கூடாரத்து உள்ளே, அப்பாஸின் தலைமுடி, மீசை. உருவினார்.

வெயிலில் வைத்துப் பார்த்தார்கள்.

அப்பாஸின் சட்டை ரோஜாவும் காபியுமாக இருந்தது. கூடாரம் கரி. கேட்டுக்காரனும் வாழைப்பழமும் கரிக்குள் போய்விட்டார்கள்.

அப்பாஸ் சுவரிலிருந்த கோர்ட்டுப் படத்தைக் கழற்றி வந்து பக்கத்தில் வைத்தான். ஒரு தறியில் நெய்த இரண்டு துண்டு.

“அண்ணே, நான் இம்புட்டு அழகா?”

“பழைய மருந்துடா.” இருதயநாதன் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “அதான் சூட்சுமம். புது மருந்து மட்டும் ஊத்துனா ஆயுசுக்கும் எலி நெறந்தான். ஓஞ்சு போனதைச் சேத்து வச்சுப் புதுசுல ஊத்துனாத்தான் இந்த நெறம். சிலுவைமுத்து எல்லாம் சொன்னாரு, இதைச் சொல்லல. வராதுன்னு அவ்வளவு தைரியமாப் பந்தயம் கட்டுனது அதனாலதான்.”

“நம்ம ஊர்ல தண்ணி வராதுங்கறதை மனுசன் கணக்குல எடுக்கல” என்றான் அப்பாஸ். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினான். “அக்கா, உனக்கு ரெண்டு சகன் வாங்கித் தாரேன்!”

“முதல்ல அந்த ஒண்ணைக் குடுடா!”

சைக்கிளை அப்பாஸ் மிதித்தான். இருதயநாதன் பின்னால் உட்கார்ந்து ஈரப் படத்தை ஓர் அட்டையில் குத்திக் காற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். மேட்டுப்பட்டியில் சிலுவைமுத்துவின் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேரும்போது அது காய்ந்து சுருண்டிருந்தது. மணி மூன்று.

சிலுவைமுத்து கல்லாவுக்குப் பின்னால் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பாட்டுக் குழுவை நடத்துகிறவர். பேச்சிலும் ஒரு சுருதி உண்டு. படத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

“வந்திருச்சே” என்றார். வருத்தம் தெரியவில்லை. கொஞ்சம் மெச்சுவது போலக்கூட இருந்தது.

“கூண்டுல ஏறுறேன்னு சொன்னீங்க.”

“ஏறுறேன் சார். சொன்ன சொல்லு மாற மாட்டேன். ஏறி என்ன சொல்லணும்? லித்துல இந்த நெறம் வரும்னு சொல்லணும். அம்புட்டுத்தான?” அவர் படத்தை மெதுவாகத் திருப்பித் தந்தார். “ஜோதிக்காரரும் எங்கூட மெட்ராஸ்ல தொழில் பழகுனவருதான். அவருகிட்டயும் பழைய மருந்து இருந்திருக்கும். அம்பத்தேழுலயே போட்டிருப்பாரு. நெறம் வருசத்தைச் சொல்லுமா சார்?”

சொல்லாது.

இரண்டு நாள், பதினொரு தாள், ஒரு சகன். கையில் இருந்தது அப்பாஸின் அழகான படம்.

விரல் நுனிகள் பழுப்பேறிக் கிடந்தன. இருதயநாதன் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கல்லாவுக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“போதும் சிலுவை. நான் தோத்தேன். பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒண்ணு சரியா வர்றதுக்குள்ள பத்துத் தாளு நாசம்.”

“பத்தா?”

“பத்து. யாருக்கா இருந்தாலும் அவ்வளவு ஆகும்ல?”

“என்ன சார் நீங்க.” சிலுவைமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கண்ணுதான் முக்கியம். அந்தக் கெணத்துப் படத்துக்கு நாலே நாலு தாளுதான் கெட்டுச்சு. அஞ்சாவது…”

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்பாஸ் ரொம்ப மரியாதையாக இருமினான்.

“அஞ்சாவதை நாங்க பாத்துட்டோம்” என்றார் இருதயநாதன். “அந்த நாலும் எங்க?”

“நான் பொதுவாச் சொன்னேன்.”

“நாலும் எங்க, சிலுவை?”

“எரிச்சாச்சு. போன மாசமே எரிக்கச் சொல்லிட்டேன்.” இதைச் சொன்ன பிறகு முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது. “நீங்க ரெண்டு பேரு கேட்டீங்க, அவ்வளவுதான். கோர்ட்டுல நான் அப்படிச் சொல்லவே இல்லம்பேன். காகிதம் இல்லாம என்ன செய்வீங்க?”

அதுவும் சரிதான். இருதயநாதன் எழுந்தார்.

அந்த நேரம் பார்த்து ஆனந்தமேரி டீச்சர் உள்ளே வந்தார். குடையை மடக்கிக் கல்லாவில் சாய்த்தார்.

“என் தங்கச்சி மகனோட புதுநன்மைப் படம் இன்னைக்குத் தாரேன்னீங்களே?”

சிலுவைமுத்து பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு காகித உறையை எடுத்து நீட்டினார். டீச்சர் அதை வளைத்துப் பார்த்தார். வளையவில்லை.

“நல்லா வெறைப்பா இருக்கே.”

“உள்ள அட்டை இருக்கு டீச்சர். படம் மடங்காது.”

இருதயநாதன் வாசற்படியில் நின்றார். திரும்பினார். “அது என்ன அட்டை?”

டீச்சர் உறையைப் பிரித்தார். முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்குக்கான வெள்ளை உடுப்பில் மெழுகுதிரியோடு ஒரு சிறுவன். அவன் முதுகோடு ஒட்டி வெள்ளையாக ஒரு தடித் தாள். டீச்சர் அதைப் புரட்டினார். மறுபக்கத்தில் யாரோ ஒரு கல்யாணப் பெண் பாதி முகத்தோடு கறுத்துக் கிடந்தாள்.

“கெட்டுப்போன படத்தையா உள்ள வைக்கிறீங்க?”

சிலுவைமுத்து உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். குரலில் சுருதி இல்லை. “அமலா! அமலராணி! அன்னிக்கு எரிக்கச் சொன்ன தாளை எரிச்சியா?”

உள்ளே அம்மி அரைக்கும் சத்தம் நின்றது.

“எதை? கனமான தாளை அடுப்புல வைக்க எனக்கென்ன கிறுக்கா? எல்லாத்தையும் கத்தரிச்சுக் கவருக்குப் போட்டுட்டேன். உங்களுக்கு அட்டை யாரு வாங்கித் தாரா?”

அம்மி மறுபடி ஓடியது.

பெட்டியில் இருபது, இருபத்தைந்து உறைகள் இருந்தன. சிலுவைமுத்து அதன் மேல் கை வைத்தார்.

“இதெல்லாம் வாடிக்கக்காரங்க படம். நீங்க தொடக் கூடாது.”

“அவரு தொடக் கூடாது” என்றார் ஆனந்தமேரி டீச்சர். அவருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. ஆனால் இருபது வருடமாக வகுப்பில் பொய் சொல்லும் முகங்களைப் பார்த்தவர். “நான் தொடலாம்ல? கையை எடு சிலுவை.”

அவர் கையை எடுத்தார்.

டீச்சர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். படத்தைக் கவிழ்த்து வைத்தார், அட்டையைப் புரட்டிக் காட்டினார். ஒரு குழந்தை. ஒரு பஸ். பாதிரியாரின் அங்கி. ஏழாவது உறையிலிருந்து வந்தது ஒரு சாம்பல் துண்டு.

இருதயநாதன் அதை வாங்கி வெளிச்சத்துக்குப் போனார்.

உப்பில்லாத கஞ்சி. முந்தி உருவிய தாள். கறுப்பு எழும்புவதற்கு முன்பே எடுத்துவிட்டதால் நிழலுக்குள் இருப்பதெல்லாம் அப்படியே தெரிந்தது. கத்தரித்ததில் வலது பாதிதான் மிஞ்சியிருந்தது. கிணற்றின் சுவர், எல்லைக் கல், குடைக்காரரின் ஒரு தோள். தோளின் ஓரத்தில் வெட்டி ஒட்டிய கோடு பளிச்சென்று ஓடியது. கோர்ட்டுப் படத்தில் கரியாகக் கிடந்த மூலையில் ஒரு கொட்டகை. கொட்டகைக்குள் கரன்ட் மோட்டார்.

“அண்ணே,” அப்பாஸ் மூச்சை இழுத்தான். “அந்த மோட்டாரு ஒச்சம்மாள் புருசன் போட்டதில்ல? அவரு சாகறதுக்கு முந்தி, அறுபத்திரண்டுல?”

“ஆமா.”

“அம்பத்தேழுல எடுத்த படத்துக்குள்ள அறுபத்திரண்டு மோட்டாரு. தங்கமுத்து அப்பா செத்ததுக்கப்புறம் வந்து குடை பிடிச்சிருக்காரு!”

சிலுவைமுத்து கல்லா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“தங்கமுத்து கேட்டாரு. தை மாசம் போய்க் கெணத்தைப் படமெடுத்தேன். அவங்கப்பா பழைய படத்தை வெட்டி ஒட்டித் திருப்பி எடுத்தேன். ஒட்டுத் தெரிஞ்சுது. மோட்டாரும் தெரிஞ்சுது. ரெண்டையும் மறைக்கத்தான் இந்த மருந்து.” பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். “மோட்டாரு மட்டும் இல்ல சார்.”

இருதயநாதன் ஏற்கெனவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டகை நிழலில் ஒருவன் நின்றான். ஒரு கையில் கடப்பாரை. இன்னொரு கை மோட்டார் மேல் ஊன்றியிருந்தது. மண் அப்பிய முழங்கால். வேலை முடித்தவன் களைப்பாறுகிற நிலை. முகம் தெளிவாக விழுந்திருந்தது.

“அவருதான் கல்லைப் பேத்து நட்டாரு” என்றார் சிலுவைமுத்து. “பேரு எனக்குத் தெரியாது.”

இருதயநாதனுக்குத் தெரியும். புதன்கிழமை அந்த ஆள் அவருடைய அறை வாசலில் உட்கார்ந்திருந்தான். காபி வேண்டாம் என்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒச்சம்மாளின் தம்பி பெரியகருப்பன். வழக்குக்கு வண்டி கட்டி அவளை அழைத்து வருகிறவன் அவன்தான்.

திரும்பும் வழியிலும் அப்பாஸ்தான் மிதித்தான். பேகம்பூர் தெருமுனையில் பிரேக் பிடித்தான்.

ஜெய்தூன் பீவி வீட்டு முன்னால் ஒரு மாட்டு வண்டி. வண்டியில் காலிக் குடங்கள். மாட்டை அவிழ்க்காமல் பெரியகருப்பன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். இவர்களைக் கண்டு தலையை ஆட்டினான். இருதயநாதனும் ஆட்டினார். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

உள்ளே ஜெய்தூன் பீவி குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒச்சம்மாள். நாற்பது வயது, வெயிலில் காய்ந்த உடம்பு.

“தம்பி, பாத்தீகளா? இவுக தோட்டத்துக் கெணத்துத் தண்ணி. எட்டுக் குடம். தேனாட்டம் இருக்கு!”

“தண்ணியில்லாமக் கஷ்டப்படுறீகன்னு புதங்கெழம அப்பாசுத் தம்பி சொன்னாக” என்றாள் ஒச்சம்மாள். “எங்ககிட்ட இப்போதைக்கு இருக்குறது இது ஒண்ணுதான. போன வேல என்னாச்சுங்கய்யா?”

இருதயநாதன் சாம்பல் துண்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கொடுக்காமல் வைத்திருக்க ஒரு காரணம் தேடினார். அப்பாஸைப் பார்த்தார். அப்பாஸ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொடுத்தார்.

ஒச்சம்மாள் முற்றத்து வெளிச்சத்தில் அதைப் பிடித்தாள்.

“எங்க மோட்டாரு!” முகம் மலர்ந்தது. “அவுக போட்டது. ஒயரு போறதுகூடத் தெரியுது. அப்ப இது பழைய படம் இல்லையே? செயிச்சுட்டமா?”

“திங்கக்கெழம இதைக் காட்டுனா கெணறு உங்களுக்குத்தான். எவனும் ஒண்ணும் பண்ண முடியாது.”

அவள் சிரித்தாள். விரல் மோட்டாரின் மேல் நகர்ந்தது. மோட்டார் மேல் ஊன்றியிருந்த கையில் வந்து நின்றது. அங்கிருந்து மேலே போனது.

ஜெய்தூன் பீவி குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அந்த வீட்டுப் பொண்ணைக் கட்டணும்னு கேட்டான்” என்றாள் ஒச்சம்மாள். யாருக்கும் சொன்னது போல இல்லை. “தங்கமுத்து மகளை. வேணாம்டான்னு நான்தான் தடுத்தேன்.”

தெருவில் மாடு மணியை அசைத்தது.

“கோர்ட்டுல இவனையும் கூப்புடுவாகளா?”

“கூப்புடுவாங்க.”

“செயிலா?”

“கல்லைப் பேத்ததோட போகாது. கள்ளப் படத்தைக் கோர்ட்டுல வச்சிருக்காங்க. அதுல யாரு யாரு கூட்டுன்னு கேப்பாங்க.”

வெளியிலிருந்து குரல் வந்தது. “அக்கா! வெயிலு தாழுது. கெளம்பலாமா?”

ஒச்சம்மாள் வாசலைப் பார்க்கவில்லை. தாளையே பார்த்தாள். மோட்டாருக்கும் அவனுக்கும் நடுவே நகத்தை வைத்து ஒரு கோடு இழுத்தாள். கை குறுக்கே வந்தது. கொஞ்சம் தள்ளி இழுத்தாள். அங்கேயும் கை.

“ஏங்கய்யா, இவன் நிக்கிற எடத்தை மட்டும் கத்தரிச்சுட்டுக் காட்டுனா ஆகாதா?”